விசைப்பலகையின் நிறம்: அழகுக்கா, கண்ணுக்கா?



கைப்பேசியில் தமிழில் எழுதலாமே என்று கேட்டால், "எழுத்து தெரியவில்லை" என்று பதில் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே பலர். சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு ஈப்போவுக்கும் சுற்றுப்புறத் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. பிள்ளைகளோ கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்களை இன்று சேர்த்து வைத்திருப்பது வாட்ஸ்அப் குழுதான். அதில் பெரியவர்கள் ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

"எழுத்து தெரியவில்லை" என்றால் தமிழ் தெரியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் தெரியாமலா போகும்? திரையில் இருக்கும் எழுத்து கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதுதான் பல வேளைகளில் அதன் பொருள். நாம் அழகுக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறமே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

கணினியில் தமிழ் எழுத நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985இல் உருவாக்கினார். கைப்பேசிக்கான அவரது செல்லினம் 2005இல் வெளிவந்தது. ஆகவே, கருவி இல்லை என்ற குறை நமக்கு இல்லை. கருவி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இப்போதைய தேவை.

ஓர் எழுத்து தெளிவாகத் தெரிவதற்கு அதன் நிறத்தைவிட முக்கியமானது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரம் சீவியவர்களுக்கு இது புதிதல்ல. கறுத்த பட்டையில் பால் வெள்ளையாக வழிந்ததால்தான் குறைந்த வெளிச்சத்திலும் கோடு தெரிந்தது.

இந்த வேறுபாட்டை அளக்கலாம். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் 21க்கு 1. அதுவே உச்ச அளவு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், கூடுதல் தெளிவுக்கு 7 வேண்டும் என்பது இணையத் தளங்களுக்கான அனைத்துலக வழிகாட்டியின் அளவு. கறுப்பில் மஞ்சள் 19ஐத் தாண்டும். அதே மஞ்சள் வெள்ளைப் பின்னணியில் 1.1ஐக்கூட எட்டாது. கறுப்பில் தூய நீலம் சுமார் 2.4 மட்டுமே. பச்சை ஒளியில்தான் நம் கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் தெரிகிறது, நீலத்தில் மிகக் குறைவு. அதனால்தான் நீல எழுத்து கறுப்பில் மூழ்கிவிடுகிறது.

தமிழுக்கு இது மேலும் முக்கியம். எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு கோடு. ஒ, ஓ இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. ன, ண வேறுபாடும் சுழியில்தான். மெய்யெழுத்துக்கோ ஒரு புள்ளி. விசை மங்கலாக இருந்தால் விரல் பக்கத்து எழுத்தைத் தொட்டுவிடும். ஈப்போவில் மழையும் உண்டு, மலையும் உண்டு. ஆனால், "இன்று நல்ல மலை" என்று தாத்தா எழுதினால் பேரன் சிரிப்பான். இரண்டு முறை சிரித்தால், மூன்றாம் முறை தாத்தா எழுத மாட்டார்.

வயது கூடும்போது கண்ணின் வில்லை மஞ்சள் படிந்து, உள்ளே புகும் ஒளியைக் குறைக்கிறது. நீலமும் ஊதாவும் முதலில் மங்குகின்றன. ஆகவே ஊதாப் பின்னணியும் சாம்பல் நிற எழுத்தும் பெரியவர்களுக்கு வேண்டாம். சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, பிறப்பிலேயே சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாது. அவர்களுக்குப் பச்சையில் சிவப்பு எழுத்து கூடவே கூடாது.

வெள்ளைப் பின்னணி நல்லதா, கறுப்பு நல்லதா என்று கேட்பார்கள். இடத்தைப் பொறுத்தது. ஈப்போ கடைவீதியின் உச்சி வெயிலில் கறுப்புத் திரை கண்ணாடிபோல் நம் முகத்தையே காட்டும். அங்கே வெள்ளைதான் உதவும். இரவில், இருட்டறையில் கறுப்பு கண்ணைக் கூசச் செய்யாது. ஆனால் சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து பரவியதுபோல் தெரியலாம். அவரவர் கண்ணே இதற்கு நீதிபதி.

மாற்றுவது எளிது. கூகுள் விசைப்பலகையில் பற்சக்கரக் குறியைத் தொட்டு, 'தீம்' பகுதிக்குச் சென்று நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே விசைகளுக்குக் கட்டம் போடும் வசதியும் உண்டு. அதைத் தவறாமல் இயக்குங்கள். சாம்சங் கைப்பேசியின் சொந்த விசைப்பலகைக்கு, அணுகல் வசதிப் பகுதியில் கூடுதல் வேறுபாடு கொண்ட மஞ்சள், கறுப்பு, நீல வகைகள் இருக்கின்றன. ஐபோனின் சொந்த விசைப்பலகைக்கு வெள்ளை, கறுப்பு என்ற இரு தோற்றங்களே. பேரப்பிள்ளையின் படத்தைப் பின்னணியில் வைக்க ஆசை வரும். படத்தைத் திரையின் முகப்பில் வையுங்கள். விசைகளுக்கு அடியில் வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கை. பூவும் மினுமினுப்பும் காட்டி அழைக்கும் முன்பின் தெரியாத விசைப்பலகைச் செயலிகளை நிறத்துக்காக இறக்கிவிடாதீர்கள். தட்டச்சு செய்வது அனைத்தையும், கடவுச்சொல் உட்பட, விசைப்பலகை திரட்டக்கூடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியே இதைச் சொல்லித்தான் அனுமதி கேட்கிறது.

எந்த நிறத்தை மாற்றியும் எழுத்து மங்கலாகவே இருந்தால், குறை திரையில் இல்லை. கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்புரையாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. நீரிழிவு கண்ணையும் கெடுக்கும்.

அடுத்த முறை பெற்றோரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், அதே வெளிச்சத்தில், "மழை, மலை, பள்ளி, பல்லி" என்று எழுதச் சொல்லுங்கள். தடுமாறாமல் எழுத முடிகிற நிறம் எதுவோ, அதுவே அவர்களுக்கு ஏற்ற நிறம். ஐந்து நிமிட வேலைதான். அன்றிரவே குடும்பக் குழுவில் அம்மாவின் எழுத்தில் ஒரு வரி வந்தால், அதைவிட வேறென்ன வேண்டும்?