சாமி கண்ணைக் குத்துமா?

பிரதோஷ வேளை. நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்று, மூலவருக்குத் தீபாராதனை காட்டப்பெற்றது. கூடியிருந்தோர் அனைவரும் கரம் குவித்து ஈசனைக் கண்குளிரத் தரிசித்துக்கொண்டிருக்க, என் அருகே நின்ற ஐந்து வயதுப் பேத்தி மட்டும் இரு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். "சாமியைப் பாரம்மா" என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். வெளிப்பிராகாரத்தில், வில்வமரத்தடியில் அமர்த்திக் கேட்டபோது மெல்லச் சொன்னாள்: "காலையில தம்பியைக் கிள்ளிட்டேன் தாத்தா. சாமி கண்ணைக் குத்திடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆம், நான்தான் சொன்னேன். என் பாட்டி எனக்குச் சொன்னதைச் சற்றும் சிந்தியாமல் அவளுக்கும் சொல்லிவிட்டேன். உடனே அவள் அடங்கிப்போனதைக் கண்டு, என் சொல் பலித்ததாகவும் எண்ணிக்கொண்டேன். அவள் சந்நிதியில் கண்மூடி நின்றபோதுதான், இறைவனைக் காணவே அஞ்சும்படி ஒரு குழந்தையைச் செய்துவிட்டோமே என்று நெஞ்சு பதைத்தது.

நாம் வணங்கும் இறைவன் கண்ணைக் குத்துபவனா? திருக்காளத்தியில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஈசனின் திருக்கண்ணில் குருதி பெருகக் கண்ட திண்ணனார், தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். மறுகண்ணிலும் குருதி பெருகவே, தம் மற்றொரு கண்ணையும் அகழ முற்பட்டார். அப்போது ஈசன் தம் கரத்தை நீட்டி, அவர் கையைப் பற்றித் தடுத்தருளினார். சுந்தரர் பார்வை இழந்தாரே எனச் சிலர் கேட்கக்கூடும். சூளுறவு பிழைத்த அத்தோழருக்கும் காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறுகண்ணையும் ஈசனே மீட்டளித்தார். பச்சிளம் குழந்தையின் சிறு குறும்புக்கு அவர் சினம் கொள்வாரா?

சீர்காழித் திருக்குளக்கரையில் மூன்று வயதுச் சம்பந்தர் அழுததும் நாம் அறிந்ததே. நீரில் மூழ்கிய தந்தை சிவபாதவிருதயரைக் காணாமல் குழந்தை அழுதது. உமையம்மை ஓடிவந்து பொற்கிண்ணத்தில் ஞானப்பாலை ஊட்டினாள். கரையேறிய தந்தையோ, கடைவாயில் பால் வழியக் கண்டு, கோல் எடுத்து, "யார் தந்த எச்சிற்பாலை உண்டாய்?" என வினவினார். சித்திரை மாதத்தில் சீர்காழியில் திருமுலைப்பால் உற்சவம் காணும் நாம், வீட்டில் குழந்தை அழுதால் அந்த அன்னையைப்போல் அணைக்கிறோமா, தந்தையைப்போல் கோலைத் தேடுகிறோமா?

குழந்தை அடம்பிடிக்கும்போது முதலில் அதன் காரணத்தை அறிய முயல வேண்டும். பசி, தூக்கம், புழுக்கம், கூட்டநெரிசல் ஆகியவையே பெரும்பாலும் அழுகைக்குக் காரணமாகின்றன. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை வீறிட்டால், அதட்டாமல் வெளியே அழைத்துவந்து, நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுங்கள். அழுகை ஓய்ந்தபின் பேசுங்கள். அழும்போது சொல்லும் புத்திமதி செவியில் ஏறாது.

அடுத்து, அதன் மனத்தில் உள்ளதை நாமே சொல்லாக்கித் தர வேண்டும். "தம்பி பிறந்ததிலிருந்து அம்மா உன்னை மடியில் வைத்துக்கொள்வதில்லை என்று வருத்தமா?" என்று கேட்டேன். பேத்தி என் மடியில் முகம் புதைத்து விம்மினாள். கிள்ளியதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்றிரவே மருமகளிடம் சொன்னேன். தம்பி உறங்கும் வேளையில் சிறிது நேரம் மகளுக்கென்றே ஒதுக்கத் தொடங்கினாள்.

இதனால் கண்டிப்பே வேண்டாம் என்பதில்லை. அடிக்க ஓங்கும் கையைப் பற்றித் தடுக்கவே வேண்டும். "கோபம் வரலாம், கிள்ளக்கூடாது, தம்பிக்கு வலிக்கும்" என்று உள்ள காரணத்தைச் சொல்லுங்கள். பாலைக் கொட்டினால், துடைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் மறுத்ததைத் தாத்தா பாட்டி மறைவாக வாங்கிக் கொடுத்தல் ஆகாது. தோப்புக்கரணம் பிள்ளையாருக்குரிய வழிபாடு. அதைத் தண்டனையாக்கினால் அவர் சந்நிதியே குழந்தைக்குக் கசந்துபோகும்.

நாம் தவறினால், அதைக் குழந்தையிடம் ஒப்புக்கொள்ளவும் தயங்கக்கூடாது. "தாத்தா தப்பாகச் சொல்லிவிட்டேன். சாமி யார் கண்ணையும் குத்தமாட்டார்" என்று சொல்லி, அந்த வில்வமரத்தடியிலேயே கண்ணப்பர் கதையைக் கூறினேன். "சாமியே கையைப் பிடிச்சுக்கிட்டாரா?" என்று வியந்து கேட்டாள். மீண்டும் உள்ளே போகலாமென்று அவளே என் விரலைப் பற்றி இழுத்தாள்.

மறுநாள் தம்பியை நோக்கி அவள் கை நீண்டது. நான் அதைப் பற்றிக்கொண்டேன். "காளத்தி சாமி மாதிரி பிடிக்கறீங்களா தாத்தா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். கை தானாகவே தளர்ந்தது.