தட்டு நிறைய, எடை குறைய

கருத்தடை அறுவை முடிந்த நாய்க்குக் கலோரித் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். தீனியைக் குறையுங்கள் என்று சொல்வது சுலபம். குறைத்த முதல் நாளே அது காலிக் கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். வீட்டில் யாராவது ஒருவர் மனம் இளகிவிடுவார். எடைக் குறைப்பு அத்தோடு முடிந்தது. பசியைக் கிளப்பாமல் கலோரியைக் குறைக்க வழி உண்டா? உண்டு. அதில் முக்கியமான ஒன்று நார்ச்சத்து. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் இந்த வாரம் முழுக்க நாரைப் பற்றியே பேசுவோம்.

பெங்களூர் வைட்ஃபீல்டில் காலை ஆறரை மணிக்கு எந்தப் பெரிய அப்பார்ட்மென்ட் வளாகத்துக்குள் போனாலும் நாய்களின் ஊர்வலத்தைப் பார்க்கலாம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், ஷிட்ஸு. ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து வர்த்தூர் பக்கம் வரை இதே காட்சிதான். நான் முதலில் பார்ப்பது இடுப்பை. மேலிருந்து பார்த்தால் விலா முடிந்ததும் உடம்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். இந்த இரண்டும் உள்ள லேப்ரடாரை இங்கே அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ‘லேப்னா இப்படித்தான் சார், புஷ்டியா இருக்கும்’ என்று வளர்ப்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். சுற்றியிருக்கும் நாய்கள் எல்லாம் குண்டாக இருந்தால் கண் அதற்கே பழகிவிடும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உங்கள் கையை விரித்து நீட்டி, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது.

சிப்பிப்பாறை, ராஜபாளையம், முதோல் வளர்ப்பவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. அவை ஓடுவதற்கென்றே அமைந்த உடம்புள்ளவை. ஒன்றிரண்டு விலா வெளியே தெரிவது அவற்றுக்கு இயல்பு. அவற்றை லேப்ரடாரோடு ஒப்பிட்டு ஊட்டிக் கொழுக்க வைக்கவும் வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பத்தியம் போடவும் வேண்டாம்.

மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 1882-இல் கொடுத்த 3,900 ஏக்கரில், டி.எஸ். ஒயிட்டின் முயற்சியால் ஆங்கிலோ-இந்தியருக்கான விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் வைட்ஃபீல்ட். வட்டமாக அமைத்த அந்தப் பழைய குடியிருப்பை இன்றும் இன்னர் சர்க்கிள் என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்தோடு இருக்கும் வீட்டில் நாய் தன் பாட்டுக்கு ஓடும், குழி தோண்டும், அணிலைத் துரத்தும். பன்னிரண்டாவது மாடியில் வளரும் நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. லிஃப்டில் இறங்கி, சங்கிலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி லிஃப்டில் ஏறி வருவதுதான் அதன் உடற்பயிற்சி முழுவதும். 30 கிலோ நாய் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 30 கலோரி. ஒரு மாரி பிஸ்கட்டில் இருப்பது சுமார் 25 கலோரி. நடை மூட்டுக்கு நல்லது, மனசுக்கு நல்லது. அதை விடவே கூடாது. ஆனால் நடையை மட்டும் நம்பி எடை குறையாது. தட்டில்தான் கை வைக்க வேண்டும்.

தட்டுக்கு வருவோம். 30 கிலோ இருக்க வேண்டிய லேப்ரடார் ஒன்று 38 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைய அதற்கு ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 900 கலோரி. இருக்க வேண்டிய எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் வருகிற கணக்கு இது. கால்நடை மருத்துவர்கள் உலகம் முழுவதும் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். இந்த 900-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரி வரை, அன்றாட உணவுக்கு வெளியே கொடுக்கலாம். அதை மூன்றரை மாரி பிஸ்கட்டாகக் கொடுத்தால் நான்கு விழுங்கலில் தீர்ந்துவிடும். வேக வைத்த பீன்ஸாகக் கொடுத்தால் 300 கிராம் வரும், ஒரு பெரிய கிண்ணம். நார்ச்சத்தின் பயன் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நாய்க்கு நாரைச் செரிக்கும் நொதி கிடையாது. உள்ளே போகும் நார் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பி, இரைப்பையில் இடத்தை அடைக்கிறது; கலோரி கொடுப்பதில்லை, கொடுத்தாலும் சொற்பம். கூழாகக் கரையும் வகை, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துக் குடல் சுவருக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. தவிட்டில் இருக்கும் கரையாத வகை கிட்டத்தட்ட அப்படியே வெளியே வந்துவிடும். இரண்டுமே வேண்டும்.

இது உண்மையில் பசியை அடக்குகிறதா? 1990-களில் உணவைக் குறைத்த நாய்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நாரை மட்டும் கூட்டியதால் பசி தணிந்ததாகத் தெரியவில்லை. பிறகு 2007-இல், ஒரு தீனி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் ஜெர்மனும் சேர்ந்து, புரதம் கூடியது, நார் கூடியது, இரண்டும் கூடியது என்று மூன்று வகை உணவை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் கூடிய உணவில்தான் நாய்கள் சீக்கிரம் போதும் என்று நிறுத்தின. தீனி நிறுவனம் பங்கெடுத்த ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆனாலும் முடிவு எனக்கு நம்பும்படி இருக்கிறது. நம் வீடுகளுக்கு இதில் முக்கியமான செய்தி உண்டு. தயிர்சாதத்தில் கேரட்டைத் துருவிப் போட்டால் நார் வரும், புரதம் வராது. புரதம் குறைந்த பத்தியத்தில் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். முட்டை, கோழி, மீன் ஏதாவது ஒன்று தட்டில் இருந்தே ஆக வேண்டும். சைவ வீடுகளில் இது தர்மசங்கடமான பேச்சு என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகள் சாதத்தில் முயற்சி செய்வதைவிட, எடைக் குறைப்புக்கென்றே செய்த உலர் தீனியை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

அப்படி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘க்ரூட் ஃபைபர்’ என்ற வரியைத் தேடுவீர்கள். சாதாரணத் தீனியில் அது 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். எடைக் குறைப்புத் தீனியில் பல மடங்கு கூட. இந்த அளவுமுறை ஜெர்மனியின் வெண்டே ஆய்வு நிலையத்தில் 1860-களில் உருவானது. கரையும் நாரை அது கணக்கிலேயே எடுக்காது. ஆகவே உள்ளே இருக்கும் நார் அந்த எண்ணைவிட அதிகம்.

லேப்ரடார் வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பசி நடிப்பு அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் பார்த்த லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய செய்தி அந்த நாய்களில் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதே குழு 2024-இல் இன்னொன்றையும் கண்டது: இந்தக் குறை உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலும் குறைவு. பசி அதிகம், செலவு கம்மி. இப்படிப்பட்ட நாயைத் திட்டியோ அடக்கியோ பயனில்லை. தட்டு பெரிதாகவும் கலோரி சிறிதாகவும் இருப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.

இனி ராகி. பெங்களூரில் நாய்க்கு ராகி முத்தே போடாத வீடு குறைவு. ‘ராகி போட்டா இளைக்கும்’ என்று உறுதியாக நம்புகிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. அந்த அளவில் ராகி மிக நல்லது. ஆனால் கலோரியைப் பாருங்கள்: ராகியில் சுமார் 320, அரிசியில் சுமார் 355. பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கமான தீனியையும் போட்டுவிட்டு, மேலே ஒரு உருண்டை ராகியும் போட்டால் நாய் இன்னும் பருக்கத்தான் செய்யும். நார் கூடுதலாகச் சேர்க்கிற பொருள் அல்ல. ஏதோ ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற பொருள். சாதத்தை எடுத்துவிட்டு ராகி வையுங்கள். பிஸ்கட்டை எடுத்துவிட்டு பீன்ஸ் வையுங்கள். எதையும் எடுக்காமல் வைத்தால் பலன் பூஜ்யம்.

தவிடும் அப்படித்தான். கோதுமைத் தவிட்டைப் பற்றிப் படித்துவிட்டு ஊரிலிருந்து அரிசித் தவிட்டை வரவழைக்காதீர்கள். அரிசித் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சமையலுக்கு எண்ணெய் எடுப்பதே அதிலிருந்துதானே. எடை குறைக்க அது உதவாது.

எளிதில் கிடைப்பது காய்கறிதான். பீன்ஸ், கேரட், மஞ்சள் பூசணி, சுரைக்காய், வெள்ளரி, நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லும் சௌசௌ. இவற்றில் கேரட்டைத் தவிர மற்றவை 100 கிராமுக்கு 30 கலோரியைத் தாண்டுவதில்லை. கேரட்டும் அதற்குச் சற்றுத்தான் மேலே. உப்பு, எண்ணெய், தாளிப்பு இல்லாமல் வேக வைத்து, மசித்துக் கொடுங்கள். சாம்பாரில் இருந்து காயை எடுத்துக் கழுவிப் போடுகிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கழுவினால் அது போகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், கேசரி மிச்சத்தில் அது இருக்கிறது என்பதைப் பாட்டி தாத்தாக்களிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

இசப்கோல் எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கும். நாய்க்கும் அது ஆகும். ஆனால் சர்க்கரை, வாசனை, இனிப்பூட்டி எதுவும் சேர்க்காத வெறும் உமி மட்டும். நிறையத் தண்ணீரில் ஊற வைத்து. அளவை மருத்துவரிடம் கேட்டு. உலர்ந்த உமியை அப்படியே தூவினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தினசரி மாத்திரை சாப்பிடும் நாய்க்கு அதையும் இசப்கோலையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். மருந்து உடம்பில் சேர்வது குறையலாம்.

எந்த நாரானாலும் முதல் நாளே கிண்ணம் நிறையப் போட்டால் வாயுவும் பேதியும்தான் மிச்சம். இரண்டு ஸ்பூனில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். குடிநீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். பெரிய நாய்களுக்கு மொத்தத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு ஒரேயடியாக நிறையத் தின்றால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. மலம் அளவிலும் தடவையிலும் கூடும். பயப்பட வேண்டாம், வாக்கிங் போகும்போது இன்னொரு பை எடுத்துப் போங்கள். அதே சமயம் நாரை அளவுக்கு மீறிக் கூட்டினால் தாதுச்சத்துகள் உடம்பில் சேர்வது குறைந்து முடி சோபை இழக்கும். குட்டிகளுக்கும் மெலிந்த நாய்களுக்கும் இந்தப் பேச்சே கிடையாது. கொடுப்பது குறைவாக இருந்தும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு குறையோ குஷிங் நோயோ இருக்கலாம். அதை நாரால் சரிசெய்ய முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால், 2002-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது தின்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டு வாதமும் ஒல்லியான நாய்களுக்குத் தள்ளித்தான் வந்தது. இதை நடத்தியதும் ஒரு தீனி நிறுவனம்தான். குறைவாகப் போடுங்கள் என்று தீனி விற்பவர்களே சொல்லும் முடிவை நான் மதிக்கிறேன். ஒரு நாயின் வாழ்வில் ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் என்பது எவ்வளவு என்று வளர்த்து இழந்தவர்களுக்குத் தெரியும்.

வைட்ஃபீல்ட் வீடுகளில் நாய்க்கு ஒரு கை அல்ல, ஐந்தாறு கைகள் ஊட்டுகின்றன. வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் அளந்து போடுவார்கள். சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து தங்கும் அம்மா, ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று தோசை விள்ளல் போடுவார். சமையல் செய்பவர் சப்பாத்தி கொடுப்பார், குழந்தை மேசைக்கடியில் நீட்டும், கீழே செக்யூரிட்டி பிஸ்கட் வைத்திருப்பார். ஒவ்வொன்றும் அன்புதான். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, யாரையும் நிறுத்தவும் முடியாது. ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாளை காலை, அன்றைய கூடுதல் தீனி முழுவதையும், வேக வைத்த பீன்ஸ், கேரட், சௌசௌத் துண்டுகளாக, ஒரே டப்பாவில் அளந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும்; டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். செக்யூரிட்டிக்கும் ஒரு சிறு பையில் கொடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைத் தராசில் நிறுத்திப் பாருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், மிஞ்சிப்போனால் இரண்டு சதவீதம் குறைந்தால் போதும். 38 கிலோ நாய்க்கு மாதம் ஒன்றரைக் கிலோ என்பது மிக நல்ல வேகம்.