டர்போவுக்கு எஞ்சின் பிளாக்கைத் தகவமைத்தல்

டர்போவுக்கு எஞ்சின் பிளாக்கைத் தகவமைத்தல் என்பது, வளிமண்டல அழுத்தத்தில் காற்றை உறிஞ்சி இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட உள் எரி பொறியின் பிளாக்கை, டர்போசார்ஜர் தரும் கூடுதல் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும்படி மாற்றியமைத்தல் ஆகும். டர்போசார்ஜரில் புகைபோக்கி வளிமம் ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள அமுக்கி காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. இம்முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905 இல் காப்புரிமை பெற்றார்.

அழுத்தமும் வெப்பமும்

டர்போ 0.7 பார் கூடுதல் அழுத்தம் தருவதாகக் கொள்வோம். அப்போது உட்செல்லும் காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 1.7 பார். அமுக்க விகிதத்தை மாற்றாவிட்டால், அமுக்க வீச்சின் முடிவில் சிலிண்டரில் உள்ள அழுத்தமும் ஏறத்தாழ 1.7 மடங்காகும். 97 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் மீது 100 பார் அழுத்தம் செலுத்தும் விசை சுமார் 7.5 டன் எடைக்குச் சமம். 130 பாரில் இது 9.8 டன் ஆகும். இதே விசை சிலிண்டர் தலையை மேல்நோக்கியும் தள்ளுகிறது. அதைத் தாங்க வேண்டியவை தலை போல்ட்டுகளும் பிளாக்கில் அவை பிடித்திருக்கும் மரைகளுமே.

அழுத்தப்படும் காற்று சூடாகிறது. அமுக்கியின் திறன் 70 விழுக்காடு எனில், 35 பாகை செல்சியசில் நுழையும் காற்று சுமார் 107 பாகையில் வெளியேறும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததாதலால், அழுத்தம் 70 விழுக்காடு கூடினும் காற்றின் நிறை 38 விழுக்காடே கூடுகிறது. இடைக்குளிர்விப்பான் (இண்டர்கூலர்) அதனை 60 பாகைக்குக் குறைத்தால், அழுத்த இழப்பைக் கணக்கில் கொள்ளாதபோது, இவ்வுயர்வு சுமார் 57 விழுக்காடாகும்.

செய்ய வேண்டிய மாற்றங்கள்

* பிளாக்: மேல்தளத்தின் சமம், சிலிண்டர் சுவரின் தடிப்பு, விரிசல் ஆகியவை முதலில் சோதிக்கப்படும். ஏற்கனவே பலமுறை துளை பெரிதாக்கப்பட்ட பிளாக் இதற்கு ஏற்றதன்று.
* எண்ணெய் வழி: டர்போ தாங்கிக்கு எண்ணெய் பிளாக்கின் முதன்மை எண்ணெய்க் குழாயிலிருந்து எடுக்கப்படும். திரும்பும் எண்ணெய் புவியீர்ப்பால் மட்டுமே வடிவதால், திரும்பு குழாய் அகலமாகவும், எண்ணெய்த் தொட்டியின் எண்ணெய் மட்டத்திற்கு மேலும் இணைக்கப்பட வேண்டும்.
* பிஸ்டன் குளிர்விப்பு: பிஸ்டனின் அடிப்பகுதியில் எண்ணெய் பீய்ச்சும் முனைகளுக்காகப் பிளாக்கில் துளைகள் இடப்படும். இதற்கு எண்ணெய் பம்பின் கொள்ளளவும் கூட்டப்பட வேண்டும்.
* அமுக்க விகிதம்: பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தானாக வெடித்து எரிவதைத் தவிர்க்க இது குறைக்கப்படும். டீசல் எஞ்சினில் உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தச் சிறிதளவு குறைக்கப்படும்.
* பிற: வலுவான தலை கேஸ்கெட், தாங்கிகள், பெரிய ரேடியேட்டர் ஆகியன.

காற்றுக்கு ஏற்ப எரிபொருளையும் சரிசெய்தல் இன்றியமையாதது. டீசல் பம்பை மட்டும் கூட்டினால் கரும்புகையும் புகைபோக்கி வெப்பமும் மிகும். பிஸ்டன் உருகவும் கூடும்.

எடுத்துக்காட்டுகள்

டாட்டா சரக்குந்துகளில் பயன்பட்ட 697 எஞ்சின், 6 சிலிண்டர்களையும் 97 மி.மீ. துளை விட்டத்தையும் பெயரில் குறிக்கிறது. 128 மி.மீ. வீச்சுடன் இதன் கொள்ளளவு 5,675 க.செ.மீ. ஆகும். மெர்சிடிஸ்-பென்ஸ் ஓஎம் 352 எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட இதற்கு, 697 டிசி எனும் டர்போ வடிவமும் வெளிவந்தது. பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் எம்10 மகிழுந்து எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக்கைக் கொண்டு 1.5 லிட்டர் டர்போ பந்தய எஞ்சினை உருவாக்கியது. அவ்வெஞ்சின் பொருத்திய பிரபாம் வண்டியில் நெல்சன் பிக்கே 1983 இல் பார்முலா 1 உலக வாகையர் பட்டம் வென்றார். தமிழ்நாட்டில் டர்போசார்ஜர் தயாரிக்கும் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982 இல் தொடங்கப்பட்டது.

கரிசல் நிலத்தில்

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே மிகுதி. மழைக்கு முன் காய்ந்த கரிசலை உழும் டிராக்டர் புழுதியின் நடுவே இயங்குகிறது. டர்போ இணைத்தால் எஞ்சின் உட்கொள்ளும் காற்று கூடுவதால், பழைய எண்ணெய்த் தொட்டிக் காற்று வடிகட்டி போதாமற் போகலாம். அமுக்கிச் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடியது. வடிகட்டியைக் கடந்து வரும் புழுதி அதன் இதழ்களைத் தேய்த்தபின், பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கிறது. எனவே போதிய அளவுள்ள உலர் வடிகட்டியும் கசிவற்ற குழாய் இணைப்புகளும் தேவை. உழுது முடித்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல், ஓரிரு நிமிடங்கள் சுமையின்றி ஓடவிட வேண்டும். இன்றேல் டர்போ தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகிப் படியும்.

சட்ட நிலை

இந்தியாவில், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டிராக்டருக்கும் இது பொருந்தும். ஆகவே டர்போ தேவைப்படுவோர்க்கு, ஆலையிலேயே டர்போவுடன் வடிவமைக்கப்பட்ட எஞ்சினைத் தெரிவு செய்வதே பாதுகாப்பான வழியாகும்.