பட்டுச் சாய நீரும் பாசன நிலமும்

ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகள் ஆரணி நகரில் மட்டுமன்றிப் பெரணமல்லூர் முதலிய சுற்றுப்புறத்து ஊர்களிலும் நெய்யப்படுகின்றன. கைத்தறியினால் நிலத்திற்குக் கேடு யாதும் இல்லை. கேடு உண்டாகுமாயின், நூல் தறிக்கு ஏறுமுன் பசை நீக்கிச் சாயம் தோய்க்கும் பட்டறையிலேயே உண்டாகும். இவ்வட்டாரத்துப் பாசனம் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருப்பதால், ஓடையில் விடப்படும் சாய நீர் இன்றில்லாவிடினும் நாளை வயலை வந்தடையும். ஆகவே நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

சாய நீரில் கலந்திருப்பவை யாவை?

கோராப் பட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசையாகும். சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் நூலைக் காய்ச்சி இதனை நீக்குவர். 100 கிலோ நூலைக் காய்ச்சினால் 20 முதல் 25 கிலோ வரை பசை நீரிற் கலந்துவிடும். இந்நீர் குட்டையிற் சேர்ந்தால் அழுகி நாற்றமெடுக்கும். அதிலுள்ள சோடா, நிலத்தில் மேன்மேலும் சேருமாயின் மண் களர்த்தன்மையடைந்து இறுகும். சாயத் தொட்டியின் மிச்ச நீரிலோ, நூலில் ஏறாத சாயமும் உப்பும் புளிப்பும் இருக்கும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் திருப்பூர் ஓர் எச்சரிக்கையாகும். அங்குப் பருத்தித் துணிக்குச் சாயமிடும் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றிற் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு நீர் தேங்கி, கீழ்ப்பகுதி நிலங்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. குடியானவர் நிலத்தை இழந்தனர். தொழிலாளர் வேலையை இழந்தனர். பருத்திச் சாயத்திற்கு வேண்டும் உப்பு பட்டுக்கு வேண்டுவதில்லை. பட்டுத் தொழிலின் அளவும் சிறிது. ஆயினும் சிறு அளவில் இருக்கும்போதே தடுத்தல் எளிது, செலவும் சொற்பம்.

செலவு குறைந்த முறைகள்

1. அளந்து இடுதல். நூலையும் சாயத்தையும் தராசில் நிறுத்தே சேர்த்தல் வேண்டும். பட்டுக்குரிய ஆசிட் சாயங்கள் புளிப்பான நீரிலேயே நூலை நன்கு பற்றும். அசிட்டிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, போதிய நேரம் சூட்டில் வைத்தால், தொட்டி நீர் பெரும்பாலும் தெளியும். நிறம் கலங்கியிருக்கையில் நீரைக் கொட்டுபவர், விலை கொடுத்து வாங்கிய சாயத்தையே கொட்டுகிறார்.

2. காய்ச்சிய சோப்பு நீரை மீண்டும் பயன்படுத்தல். பசை நீக்கிய நீரில் குறைந்த சோப்பைச் சேர்த்து அடுத்த ஈட்டு நூலுக்கு உதவச் செய்யலாம். இந்நீரைச் சாயத் தொட்டியில் ஓரளவு சேர்த்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடியாமல் சமமாக ஏறும். இது பழைய சாயக்காரர் அறிந்த வழியே.

3. அலசும் நீரில் சிக்கனம். ஒரு கிலோ நூலுக்கு ஒரு தடவைக்கு 25 லிட்டர் நீர் எனக் கொண்டால், 10 கிலோ நூலை மூன்று முறை புதுநீரில் அலச 750 லிட்டர் செல்லும். மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, ஒரே நிறமுள்ள அடுத்த ஈட்டிற்கு, முன் ஈட்டின் இரண்டாம் நீரை முதல் நீராகவும், மூன்றாம் நீரை இரண்டாம் நீராகவும் கொண்டால், புதுநீர் 250 லிட்டரே வேண்டும். வெளிர் நிறங்களை முதலிலும் அடர் நிறங்களைப் பின்னும் தோய்த்தால், தொட்டி நீரையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாம்.

4. அடுப்பைத் திருத்தல். திறந்த அடுப்பில் அனலின் பெரும்பகுதி வீணாகும். கொப்பரையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அடியில் இரும்புச் சல்லடையும், புகை போகக் குழாயும், மேலே மூடியும் அமைத்தால் விறகு மிச்சப்படும். வேலையாளின் கண்ணும் மார்பும் கெடா.

5. சாயத்தைப் பார்த்து வாங்குதல். புற்றுநோய் விளைக்கும் பொருள்களாகச் சிதையத்தக்க சில அஸோ சாயங்களை ஜெர்மனி 1994-லும், இந்தியா 1997-லும் தடை செய்தன. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலச் சாயத்தை வாங்காமல், ரசீதுடன் வாங்குதல் நலம். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

மிஞ்சும் நீரை என் செய்வது?

மணலும் கூழாங்கல்லும் இட்ட வடிகட்டி, கரைந்த சாயத்தையும் உப்பையும் நீக்காது. சுண்ணாம்பும் படிகாரமும் நிறத்தைக் குறைக்கும், உப்பை நீக்கா. நீர் தெளிந்தது கண்டு வயலுக்குப் பாய்ச்சுதல் தவறு. சிமெண்டு பூசிய ஆழமற்ற தொட்டியில் வெயிலில் வற்ற விடுதலே சிறு பட்டறைக்கு எளிய வழி. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வற்றுவதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 லிட்டர் நீர் போகும். நாள்தோறும் 10 கிலோ நூல் தோய்க்கும் பட்டறையின் சாய நீரும் அலசு நீருமாகிய 1,000 லிட்டருக்கு 200 சதுர மீட்டர் இடம் வேண்டும். மேற்கூறிய சிக்கனத்தால் அது 500 லிட்டராகக் குறைந்தால் 100 சதுர மீட்டர் போதும். வாரம் ஒரு நாள் மட்டும் தோய்ப்பவருக்கு இதில் ஏழில் ஒரு பங்கே வேண்டுவது. ஆகையால் தொட்டி கட்டுமுன் நீரைக் குறைப்பதே முறை. வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நிரம்பி வழியாதபடி மேற்கூரை அவசியம். அடியிற் படியும் வண்டலை எருக்குழியில் இடலாகாது. பல பட்டறைகள் ஒன்றுகூடிப் பொதுவான சுத்திகரிப்பு ஏற்பாடு செய்துகொள்ளின் செலவு பங்கிடப்படும்.

நிலமுடையோர் செய்யவேண்டுவது

பட்டறைக்கு அண்மையிலுள்ள கிணற்று நீரையும் நிலத்து மண்ணையும் கோடையில் ஒரு முறையும், மழைக்குப் பின் ஒரு முறையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, உப்பளவும் காரத்தன்மையும் அறிந்து எழுதி வைத்தல் வேண்டும். நெல்லும் நிலக்கடலையும் உப்பை ஓரளவே தாங்குவன. மண்ணில் களர் காணப்பட்டால், பரிசோதனையிற் குறித்த அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடித்தால் திருத்தலாம். ஆனால் கெட்ட நீர் வருவது நிற்கும் வரை இப்பாடு வீணே.

பட்டறைக்குச் சாய நீர் வெளிவிட, 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். எனினும் புகார் எழுதுமுன், கிராம அதிகாரிகள் சாயக்காரரையும் ஆயக்கட்டுதாரரையும் ஒருங்கே அழைத்து, எந்தக் கால்வாய் ஏரிக்குச் செல்கிறது என்பதை நேரிற் காட்டி, தொட்டிக்குரிய இடத்தை இரு தரத்தாரும் சேர்ந்து குறித்தல் நன்று. சாயம், சோப்பு, விறகு ஆகியவற்றின் வாராந்தரச் செலவைச் சாயக்காரர் கணக்கெழுதி வருவாராயின், இம்முறைகளின் அனுகூலத்தை அக்கணக்கே அவருக்குக் காட்டும்.