கைப்பிடி சொல்லும் சேதி

கேமரன் மலையில் போ தோட்டம் 1929-இல் தொடங்கிய காலத்தில் கொழுந்து எடுப்பது கை வேலை. இன்று செங்குத்தான சரிவில் கத்தரி. மற்ற இடங்களில் இரண்டு பேர் பிடிக்கும் வெட்டு இயந்திரம். நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இன்ஜின் போடும் இரைச்சலில் "அண்ணே, மெதுவா!" என்று கத்தினாலும் கேட்காது. கண்ணோ கொழுந்தின் மேல். பிறகு எப்படி இருவரும் ஒரே நடையாக நடக்கிறார்கள்?

கைப்பிடிதான் சேதி சொல்கிறது. எதிரே உள்ளவர் கால் ஈரமண்ணில் லேசாகச் சறுக்கினால், அவர் வாய் திறக்குமுன் நம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். நம் காலும் தானாக நின்றுவிடும்.

விஞ்ஞானிகளும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இரண்டு பேர் கைகளை ரப்பர் கயிற்றால் கட்டியதுபோல் இயந்திரத்தில் இணைத்து, ஓடும் புள்ளியைத் துரத்தச் சொன்னார்கள். முடிவு 2014-இல் வெளியானது. கெட்டிக்காரரோடு சேர்ந்தவர் தேறினார், அதில் அதிசயமில்லை. தன்னைவிடத் தடுமாறுகிறவரோடு சேர்ந்தவரும், தனியாகச் செய்ததைவிட நன்றாகச் செய்தாராம்! அங்கே மழையும் சரிவும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் "புது ஆளோட என்னைப் போடாதீங்க" என்று மண்டோரிடம் முறுக்கிக்கொள்ளும் பழைய கைகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று, வீட்டுக்கு உதவுவது. ஜெகா, லாக்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்டது. கண்ணை மூடி நிற்பவர் ஒரு கம்பியை விரல் நுனியால் சும்மா தொட்டாலே உடம்பின் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. அழுத்தம் 100 கிராம்கூட இல்லை. அது உடம்பைத் தாங்காது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல்தோல் மூளைக்குச் சொல்ல, கால் முந்திக்கொண்டு சரிசெய்கிறது.

நம் லயங்களில் என்ன செய்கிறோம்? பனிமூட்டத்தில் படி இறங்கும் பாட்டியின் புஜத்தைப் பிடித்து இழுக்கிறோம். "விடுடா, விழுந்துடுவேன்!" என்று பாட்டி சொல்வது பிடிவாதமல்ல. இழுத்தால் அவர் நிலை குலைகிறது. பள்ளத்துப் பக்கம் ஒரு படி முன்னே நின்று, நம் தோளை அவர் தொட்டுக்கொள்ள விடுவோம். நிற்கவே முடியாதவர்களுக்கு மட்டும் கெட்டியான தாங்கல் வேண்டும்.

இரவில் எழுந்து போகும்போது தாத்தா சுவரைத் தடவிக்கொண்டு நடந்தால், பெயிண்ட் அழுக்காகுதுன்னு திட்டாதீங்க.