சீட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே

போதை மருந்து எடுத்துக்கொண்டு கெட்டுப்போகிறவனுக்கு எதற்கு வரிப்பணம்? அமெரிக்காவில் போதைச் சிகிச்சைக்கென்று கோடிக்கணக்கான டாலரை ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்படும் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

ஃபென்டனில் என்ற போதை மருந்து அளவுக்கு மீறிப்போய் மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை ராத்திரியில் ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நலாக்சோன் மருந்தை மூக்கில் அடித்த சில நிமிடங்களில் மூச்சு திரும்பி எழுந்து உட்கார்கிறார். நடுக்கம், வாந்தி, மறுபடியும் வேண்டும் என்ற தவிப்பு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. டாக்டர் ஒரு சீட்டில் சிகிச்சை மையத்தின் போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். மையத்தில் இடம் கிடைக்கப் பல நாள் ஆகலாம். சரக்கு விற்கிறவன் போன் பண்ணினால் உடனே வருவான்.

அந்தச் சீட்டு எவ்வளவு பயன்படுகிறது என்று அளந்தே பார்த்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கெயில் டி'ஓனோஃப்ரியோ குழுவினர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 329 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சீட்டு மட்டும். இன்னொரு பிரிவினருக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசி, மையத்தோடு தொடர்பும் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பேச்சோடு புப்ரெனார்ஃபின் மாத்திரையை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது நாள் கழித்துப் பார்த்தால், சிகிச்சையில் இருந்தவர்கள் முறையே 37, 45, 78 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. சீட்டு வாங்கியவர்களைவிட மாத்திரையோடு போனவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல்.

‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா’ என்பார்கள். ஹெராயின் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தைத்தான் புப்ரெனார்ஃபினும் பிடித்துக்கொள்கிறது. அதனால் நடுக்கமும் தவிப்பும் அடங்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. மூச்சை அடக்கிவிடும் ஆபத்து அதனால் மிகக் குறைவு. மனிதர் காலையில் எழுந்து வேலைக்குப் போகலாம். இவ்வளவு நல்ல மருந்தை எழுத 2022 முடியும்வரை அமெரிக்க டாக்டர்கள் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலின் தொடக்கமான ஆக்ஸிகோடோன் வலி மாத்திரையை எழுத அப்படித் தனி அனுமதி எதுவும் வேண்டாம்! சட்டம் போடுகிறவர்களின் தர்க்கம் நமக்குப் பிடிபடாது.

இப்போது பணத்துக்கு வருவோம். சிகிச்சைக்கென்று மாநிலங்களுக்குப் போகும் மத்திய நிதி ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர். இது 2018இல் தொடங்கியது. நோய்த் தடுப்பு மையமான சிடிசி தரும் நிதி வேறு. அது 2019இல் தொடங்கி, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 28 கோடி டாலராக மாநில, நகரச் சுகாதாரத் துறைகளுக்குப் போகிறது. ஓவர்டோஸ் சாவுகளைக் கணக்கெடுப்பது இதில் ஒரு வேலை. இன்னொன்று, சீட்டு வாங்கியவர் சிகிச்சை மையத்தின் வாசல்வரை போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது. இந்தச் சின்னத் தொகையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த வேலையைச் செய்பவர் யார்? ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2014இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓவர்டோஸ் ஆகி ஒருவர் வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போகும். வருகிறவர் டாக்டரும் இல்லை, சமூகப் பணி படித்தவராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. தானே போதையில் விழுந்து எழுந்தவர். ‘இந்தக் கட்டிலில் நானும் கிடந்தேன்’ என்று அவர் சொன்னால் எதிரில் இருப்பவர் காதுகொடுத்துக் கேட்கிறார். அடையாள அட்டை தொலைந்திருக்கும், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு காலாவதியாகியிருக்கும், பஸ்ஸுக்குக் காசு இருக்காது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து, முதல் நாள் மையத்துக்குக் கூடவே போவது இப்படிப்பட்டவர்கள் செய்யும் வேலை. கட்டடம், கருவி என்று எதுவும் கிடையாது. செலவில் பெரும்பங்கு சம்பளம். திறந்துவைக்க ரிப்பனும் இல்லாததால் அரசியல்வாதிக்கு இதில் ருசி குறைவு.

அதே மாநிலம் சிறையையும் விட்டுவைக்கவில்லை. சிறையில் சில மாதம் போதை இல்லாமல் இருந்த உடம்பு, வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் தாங்காது. வாஷிங்டன் மாநிலத்தில் 2007இல் வெளியான ஆய்வின்படி, விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. ரோட் ஐலண்டில் 2016இல் சிறைக்குள்ளேயே மருந்து கொடுத்து, வெளியே வந்ததும் அது தொடர ஏற்பாடு செய்தார்கள். ஓராண்டுக்குள், சிறையிலிருந்து வந்தவர்களின் ஓவர்டோஸ் சாவு 61 சதவீதம் குறைந்தது.

வலி மாத்திரைகளைத் தாராளமாக விற்றுவிட்ட நிறுவனங்களிடமும் இப்போது பணம் வருகிறது. 2022இல் முடிவான உடன்பாட்டில் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் 2,600 கோடி டாலர்வரை பல ஆண்டுகளில் தர ஒப்புக்கொண்டன. 1998இல் சிகரெட் கம்பெனிகளிடம் வாங்கிய பணத்தைப் பல மாநிலங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பிவிட்டன. அந்தச் சூடு ஆறாததால், இந்த முறை 85 சதவீதமாவது போதைச் சிக்கலைத் தணிக்கவே போகவேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

ஊசி விஷயத்தில்தான் பணம் கொடுக்கிறவர்களுக்குக் கை நடுங்குகிறது. சுத்தமான ஊசி தரும் மையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், வராதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாகச் சிகிச்சையில் சேருகிறார்கள் என்கிறது சிடிசி. ஊசிக்காக வருகிறவரிடம் வாரம் தவறாமல் நலம் விசாரிக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். இருந்தும், 2015 முடிவில் மாறிய சட்டப்படி மத்திய நிதியில் வேனுக்கும் ஊழியருக்கும் செலவழிக்கலாம். அந்த ஊசியை மட்டும் வாங்கக் கூடாது. அதே ஆண்டில்தான் இண்டியானாவில் ஸ்காட் கவுண்டியின் ஆஸ்டின் என்ற சிற்றூரைச் சுற்றி, ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் ஏறத்தாழ இருநூறு பேருக்கு எச்ஐவி தொற்றியது. ஊரின் மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். அதுவரை இந்த யோசனையை எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ் இறங்கிவந்து ஊசி மையத்துக்கு அனுமதி கொடுத்தார். புதிய தொற்று குறைந்தது. 2021இல் கவுண்டி ஆணையர்கள் மூன்று பேரும் கூடி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மூட வாக்களித்தார்கள்.