டீசல் பிக்கப் எஞ்சினும் மாறும் வடிவ டேர்போசார்ஜரும்

மாணவர்களே, பாரம் ஏற்றிய டீசல் பிக்கப் வாகனமொன்று மேட்டில் ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாரதி முடுக்கி மிதியை அழுத்துகின்றார். கழிவுக் குழாயிலிருந்து கரும்புகை எழுகின்றது. வாகனமோ சில கணங்கள் தயங்கிய பின்னரே விரைகின்றது. "புகையைப் பார், எவ்வளவு வலுவான எஞ்சின்!" என்று சிலர் வியப்பர். இது தவறான கருத்தாகும். கரும்புகை என்பது முற்றாக எரியாத காபன் துணிக்கைகள் ஆகும். அது எரிபொருளுக்குக் கொடுத்த பணத்தின் வீணடிப்பு. பின்னால் வருபவரின் சுவாசப்பைக்குக் கேடு. இப்புகையும் தயக்கமும் ஏன் ஏற்படுகின்றன, மாறும் வடிவ டேர்போசார்ஜர் அவற்றை எவ்வாறு குறைக்கின்றது, பழைய வாகனத்தில் அதனைப் பொருத்தும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

1. வலு எங்கிருந்து கிடைக்கின்றது?

டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை. உருளையினுள் வளி மட்டும் உள்ளெடுக்கப்பட்டு, முசலத்தினால் ஏறத்தாழ 17 இல் 1 பங்கு கனவளவுக்கு நெருக்கப்படுகின்றது. இதனால் வளி மிகவும் சூடாகின்றது. அவ்வேளை சிவிறப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகின்றது.

1 கிராம் டீசல் முற்றாகத் தகனமடைவதற்கு ஏறத்தாழ 14.5 கிராம் வளி தேவை. இவ்விகிதத்தை மனதிற் கொண்டு பின்வரும் கணிப்பைச் செய்து பாருங்கள். 6 உருளைகளைக் கொண்ட 5.9 லீற்றர் எஞ்சினில் ஓர் உருளையின் கனவளவு ஏறத்தாழ 0.98 லீற்றர். 1 லீற்றர் வளியின் திணிவு ஏறத்தாழ 1.2 கிராம். ஆகவே ஒரு தடவை உள்ளெடுக்கப்படும் வளி 0.98 × 1.2 = 1.18 கிராம். அவ்வளி எரிக்கக்கூடிய உயர்ந்தபட்ச டீசல் 1.18 ÷ 14.5 = 0.08 கிராம் மட்டுமே. இதற்கு மேல் எவ்வளவு டீசலைச் சிவிறினாலும் மிகுதி புகையாகவே வெளியேறும். நடைமுறையில், டீசலும் வளியும் சீராகக் கலக்க நேரம் போதாமையால், இவ்வெல்லையை அடைய முன்னரே புகை தோன்றிவிடும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? கூடிய வலு வேண்டுமாயின் முதலில் கூடிய வளி வேண்டும்.

2. டேர்போசார்ஜரின் தொழில்

டேர்போசார்ஜரில் ஒரே அச்சில் இரு சில்லுகள் உள்ளன. ஒன்று சுழலி, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான கழிவு வாயு இதனைச் சுழற்றும். மற்றையது நெருக்கி, இது வெளிவளியை நெருக்கி உருளைகளுக்கு அனுப்பும். வீணாகப் போகும் சக்தியின் ஒரு பகுதி இவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது. இக்கருத்துக்கு 1905 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி காப்புரிமை பெற்றார்.

வளியின் வெப்பநிலை மாறாதிருக்க அமுக்கம் இரு மடங்காகுமெனின், அதே உருளையினுள் 2.36 கிராம் வளி அடங்கும். எரிக்கக்கூடிய டீசலின் அளவும் இரு மடங்காகும். ஆனால் நெருக்கப்படும் வளி சூடாகி விரிய முனைவதால் அதன் அடர்த்தி குறைகின்றது. எனவே நெருக்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே வளியைக் குளிர்விக்கும் இடைக்குளிர்த்தி பொருத்தப்படுகின்றது.

3. நிலையான வடிவத்தின் குறைபாடு

சாதாரண டேர்போசார்ஜரில் சுழலிக்கு வாயு செல்லும் வழி ஒரே அளவானது. அவ்வழி சிறிதாயின், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நன்று. ஆனால் உயர் கதியில் வாயு நெருக்கடிப்பட்டு எஞ்சினுக்குத் தடையாகும். அவ்வழி பெரிதாயின், உயர் கதியில் நன்று. ஆனால் தாழ் கதியில் வாயு மந்தமாகப் பாய்வதால் சுழலி விரைவதற்குத் தாமதமாகும். மேட்டில் நீங்கள் கண்ட தயக்கம் இதுவே. அத்தாமத வேளையில் டீசல் கூடுகின்றது, வளி கூடவில்லை. ஆகவே கரும்புகை எழுகின்றது.

சிறிய வழியை வைத்து, மிகையான வாயுவை ஒரு வால்வின் ஊடாகச் சுழலியைத் தவிர்த்து வெளியேற்றுவது ஒரு தீர்வாகும். ஆயினும் அவ்வாயுவின் சக்தி வீணாகின்றது.

4. மாறும் வடிவம்

தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வாய் ஒடுங்கும்போது நீர் விரைவாகப் பீறிடுகின்றதல்லவா? மாறும் வடிவ டேர்போசார்ஜர் இதே தத்துவத்தைப் பயன்படுத்துகின்றது. சிலவற்றில் சுழலியைச் சூழவுள்ள சிறு தகடுகள் திரும்பி வழியை ஒடுக்கும் அல்லது விரிக்கும். வேறு சிலவற்றில் தகடுகளைத் தாங்கும் வளையம் முன்னும் பின்னும் வழுக்கி இடைவெளியை மாற்றும். எஞ்சின் தாழ் கதியில் உள்ளபோது இடைவெளி ஒடுங்கும். குறைந்த வாயுவும் விரைந்து பாய்ந்து சுழலியைச் சுழற்றும். உயர் கதியில் இடைவெளி விரியும், தடை குறையும்.

5. ஓர் உண்மை உதாரணம்

ஐக்கிய அமெரிக்காவின் டொட்ஜ் ராம் பிக்கப் வாகனங்களில், 1989 மாதிரி தொடக்கம் கமின்ஸ் நிறுவனத்தின் 5.9 லீற்றர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 2007 இல் அதன் இடத்தை 6.7 லீற்றர் எஞ்சின் பிடித்தது. புதிய எஞ்சினில் வழுக்கும் வளையமுடைய ஹொல்செற் டேர்போசார்ஜர் இருந்தது. பழைய எஞ்சினின் இறுதி வடிவம் 325 குதிரைவலுவையும் (ஏறத்தாழ 242 கிலோவாற்று), புதியது 350 குதிரைவலுவையும் (ஏறத்தாழ 261 கிலோவாற்று) வழங்கின.

"ஆகவே மாறும் வடிவ டேர்போ 25 குதிரைவலுவைத் தந்தது" என விடையெழுதினால் அது சரியாகுமா? ஆகாது. இங்கு டேர்போ மட்டுமன்றி எஞ்சினின் கனவளவும் மாறியுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் ஒருங்கே மாறும்போது விளைவை ஒரு காரணியின் மீது மட்டும் சுமத்த முடியாது. மேலும், கனவளவு ஏறத்தாழ 14 சதவீதம் கூடியிருக்க, உயர்ந்தபட்ச வலு ஏறத்தாழ 8 சதவீதமே கூடியுள்ளது என்பதையும் அவதானியுங்கள். மாறும் வடிவத்தின் பிரதான பயன் உயர்ந்தபட்ச வலுவில் அன்று, வலு கிடைக்கும் வேளையிலேயே தங்கியுள்ளது. அது தாழ் கதியிலேயே வளியை வழங்கித் தயக்கத்தையும் புகையையும் குறைக்கின்றது.

6. பழைய வாகனத்திற்குப் பொருத்தும்போது

மேற்கூறிய பயனைக் கருதி, 5.9 லீற்றர் எஞ்சினுடைய பழைய வாகனங்களுக்கு 6.7 எஞ்சினின் டேர்போசார்ஜரைச் சிலர் மாற்றிப் பொருத்துகின்றனர். இங்கு பின்வரும் விடயங்கள் முக்கியமானவை.

அ. கட்டுப்பாடு: வளையத்தை மின்மோட்டார் ஒன்று நகர்த்துகின்றது. அதற்குக் கட்டளையிடும் கணினி பழைய வாகனத்தில் இல்லை. எனவே எஞ்சினின் கதி, வளியின் அமுக்கம் ஆகியவற்றை அறிந்து இயங்கும் தனிக் கட்டுப்படுத்தி தேவை. உயர் கதியில் இடைவெளி ஒடுங்கியே இருந்தால், நிமிடத்துக்கு 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுக்கள் சுழலும் சில்லு எல்லை கடந்து சிதறக்கூடும்.

ஆ. குளிர்வித்தல்: அம்மோட்டார் சூடான பகுதிக்கு அருகில் இருப்பதால் அதற்குக் குளிர்நீர்க் குழாய்கள் இணைக்கப்பட வேண்டும். அச்சின் தாங்கிகளுக்குத் தூய எண்ணெய் தடையின்றிச் செல்ல வேண்டும்.

இ. அளவீடு: வளியின் அமுக்கத்தை மட்டும் பார்த்து மகிழ்தல் கூடாது. சுழலிக்கு முன்னுள்ள கழிவு வாயுவின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். அது வளியின் அமுக்கத்தைவிட மிக அதிகமாயின், முசலங்கள் வாயுவை வெளித்தள்ளுவதிலேயே வலுவை இழக்கின்றன. கழிவு வாயுவின் வெப்பநிலை நெடுநேரம் ஏறத்தாழ 700 பாகை செல்சியசைத் தாண்டினால் முசலங்களுக்கு ஆபத்து.

ஈ. பிற பாகங்கள்: கூடிய முறுக்கத்தை கிளச்சும் கியர் பெட்டியும் தாங்க வேண்டும். புகைக்கரி படிந்தால் வளையம் இறுகும். ஆகவே பராமரிப்பும் அவசியம்.

உ. சட்டம்: ஐக்கிய அமெரிக்காவில் வாகனத்தின் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை அகற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் தூய வளிச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளன.

7. இறக்கத்தில் ஓர் உதவி

இழுவைப் பெட்டியுடன் நீண்ட இறக்கத்தில் செல்லும் வாகனம் தடுப்புக்களைத் தொடர்ந்து பிரயோகித்தால் அவை அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். இதனால் உயிராபத்து நேரலாம். இவ்வேளையில் எரிபொருள் நிறுத்தப்பட, வளையம் வழியை ஏறத்தாழ மூடுகின்றது. வாயு வெளியேற இயலாமல் அமுக்கம் உயர்கின்றது. அதனை எதிர்த்து முசலங்கள் தள்ள வேண்டியிருப்பதால் வாகனம் கட்டுப்படுகின்றது. மேட்டில் வலு கிடைக்க உதவும் அதே வளையம் இறக்கத்தில் தடுப்புக்குத் துணையாகின்றது.

நினைவிற் கொள்க: டேர்போசார்ஜர் தருவது வளியை, வலுவைத் தருவது அவ்வளியில் முற்றாக எரியும் எரிபொருள்.

பயிற்சி

வினா 1: தாழ் கதியில் முடுக்கி மிதியைத் திடீரென அழுத்தும்போது கரும்புகை தோன்றுவது ஏன்?
விடை: டீசலின் அளவு உடனே கூடியபோதிலும், சுழலி விரையத் தாமதமாவதால் வளியின் அளவு உடனே கூடுவதில்லை. ஒட்சிசன் போதாமையால் தகனம் முற்றுப்பெறாது காபன் துணிக்கைகள் வெளியேறுகின்றன.

வினா 2: இடைக்குளிர்த்தியின் பயன் யாது?
விடை: நெருக்கப்பட்ட வளியின் வெப்பநிலையைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டுதல். இதனால் ஒரே கனவளவினுள் கூடிய திணிவுடைய வளி அடங்கும்.

வினா 3: வாகனமொன்றில் டேர்போவும் எரிபொருள் சிவிறிகளும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. வலு கூடியது. டேர்போவின் பங்கை மட்டும் அறிவது எவ்வாறு?
இதற்கான விடையை நீங்களே எழுதுங்கள். ஐந்தாம் பகுதியை மீண்டும் வாசித்தால் வழி புலப்படும்.